சென்னை பார்த்த வினு மன்கட்

நங்கநல்லூர், பழவந்தாங்கல் பக்கத்துத் தெருக்களில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளிடம் மன்கட் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பந்து போடுவதற்கு முன்பே கோட்டைத் தாண்டி ஓடும் எதிர்முனை ஆட்டக்காரரை, பந்து வீசுபவரே ஸ்டம்பைத் தட்டி ரன் அவுட் ஆக்குவது என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். அது ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. அந்த மனிதர் தன் வாழ்வின் மிகப் பெரிய வெற்றிகளில் இரண்டை நம் சென்னையில்தான் பெற்றார் என்பது இன்னும் குறைவான பேருக்கே தெரியும்.

முல்வந்த்ராய் ஹிம்மத்லால் மன்கட் 1917 ஏப்ரல் 12 அன்று குஜராத்தின் ஜாம்நகரில் பிறந்தார். 'வினு' என்பது செல்லப்பெயர். அன்று நவாநகர் சமஸ்தானமாக இருந்த ஊர் அது. அந்த சமஸ்தான அணிக்குப் பயிற்சி கொடுக்க வந்த இங்கிலாந்து வீரர் பெர்ட் வென்ஸ்லி இளைஞன் வினுவின் இடதுகைச் சுழற்பந்தைச் செதுக்கினார். பேட்டிங் மட்டும் வலது கை. 1937-38இல் டென்னிசன் பிரபு தலைமையில் வந்த இங்கிலாந்து அணிக்கு எதிராக வினு ஆடிய ஆட்டத்தைப் பார்த்த டென்னிசன், உலக அணி ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இந்த இருபது வயதுப் பையனுக்கு அதில் இடம் உண்டு என்று கருதினார்.

ஆனால் போர் வந்துவிட்டது. முதல் டெஸ்ட் ஆடும்போது அவருக்கு 29 வயது. ஒரு விளையாட்டு வீரனின் மிகச் சிறந்த ஆண்டுகளை யுத்தம் தின்றுவிட்ட பிறகும் அவர் சாதித்ததைத்தான் நாம் இன்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

1946இல் பட்டோடி நவாப் இஃப்திகார் அலி கான் தலைமையில் இங்கிலாந்து சென்றது இந்திய அணி. அந்தச் சுற்றுப்பயணத்தில் மன்கட் ஆயிரம் ரன்களும் கடந்தார், நூறு விக்கெட்டுகளும் கடந்தார். அதே அணியில் இன்னொரு இளைஞரும் இருந்தார், லாகூரைச் சேர்ந்த அப்துல் ஹஃபீஸ். பின்னாளில் அப்துல் ஹஃபீஸ் கர்தார் என்ற பெயரில் பாகிஸ்தானின் முதல் டெஸ்ட் கேப்டன் ஆனவர் அவர்தான். ஒரே அறையில் உடை மாற்றிய இருவரும் ஒன்பது ஆண்டுகள் கழித்து எதிரெதிர் அணித் தலைவர்களாக டாஸ் போட நின்றார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

1947-48 ஆஸ்திரேலியப் பயணத்தில்தான் அந்தச் சம்பவம் நடந்தது. ஆஸ்திரேலிய வீரர் பில் பிரவுன், பந்து கையை விட்டுப் போகும் முன்பே கோட்டை விட்டு நகர்ந்துகொண்டிருந்தார். சிட்னியில் நடந்த ஒரு பயண ஆட்டத்தில் மன்கட் முதலில் எச்சரித்தார், பிரவுன் கேட்கவில்லை, ரன் அவுட் செய்தார். டிசம்பர் 13 அன்று அதே ஊரில் நடந்த டெஸ்டில் பிரவுன் மறுபடியும் நகர்ந்தார், மன்கட் மறுபடியும் பெயில்ஸைத் தட்டினார். பத்திரிகைகள் கூச்சலிட்டன. எதிரணித் தலைவர் டான் பிராட்மேனோ தன் நூலில் மன்கட் பக்கமே நின்றார். பிரவுனும் பிழை தன்னுடையது என்றே பிற்காலத்தில் ஏற்றுக்கொண்டார். பாதிக்கப்பட்டவரே குறை சொல்லவில்லை. ஊர் மட்டும் பட்டப்பெயர் வைத்துவிட்டது. அதே பயணத்தில் மெல்போர்னில் லிண்ட்வாலின் வேகத்தை எதிர்கொண்டு அவர் அடித்த இரண்டு சதங்களைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

இனி சென்னைக்கு வருவோம். 1952 பிப்ரவரி, சேப்பாக்கம். இந்தியா டெஸ்ட் ஆடத் தொடங்கி இருபது ஆண்டுகள் ஆகியும் ஒரு வெற்றிகூட இல்லை. வந்திருந்த இங்கிலாந்து அணியில் ஹட்டன், காம்ப்டன் போன்ற பெரிய பெயர்கள் இல்லை என்பதும் உண்மை. ஆனால் தொடரில் அவர்கள்தான் முன்னிலையில் இருந்தார்கள். முதல் இன்னிங்ஸில் மன்கட் 55 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுத்தார். அதில் நான்கு, விக்கெட் கீப்பர் கோகன் சென் செய்த ஸ்டம்பிங். பேட்ஸ்மேனை முன்னால் இழுத்து ஏமாற்றினார் என்பது அந்தக் கணக்கிலேயே தெரிகிறது. அன்று முதல் நாள் ஆட்டத்தின்போதே மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்த செய்தி வந்து, மறுநாள் ஓய்வு நாளாக்கப்பட்டது. பங்கஜ் ராயும் பாலி உம்ரிகரும் சதமடிக்க இந்தியா 457 எடுத்தது. இரண்டாவது இன்னிங்ஸில் மன்கட் நான்கு, ஹைதராபாத்தின் குலாம் அகமது நான்கு. இன்னிங்ஸ் மற்றும் 8 ரன்னில் வெற்றி. இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அது.

இப்படிப்பட்டவரை அதே ஆண்டு இங்கிலாந்துப் பயணத்திற்கு அழைத்துப் போகவில்லை. கிரிக்கெட்டே அவருடைய பிழைப்பு. லங்காஷயர் லீக்கில் ஹாஸ்லிங்டன் கிளப் ஒப்பந்தம் கையில் இருந்ததால், அணியில் இடம் உறுதியா என்று முன்கூட்டியே கேட்டார். தேர்வாளர்கள் உறுதி தர மறுத்தார்கள். அவர் லீக் ஆடப் போய்விட்டார். லீட்ஸ் டெஸ்டில் இந்தியா ரன் ஏதும் எடுக்காமலே நான்கு விக்கெட்டை இழந்து தோற்ற பிறகு, அதே வாரியம் கிளப்பிடம் கேட்டு அவரைத் திரும்ப வாங்கியது. லார்ட்ஸில் 72 ரன், பிறகு ஒரே இன்னிங்ஸில் 73 ஓவர் பந்துவீச்சு, ஐந்து விக்கெட், அந்தக் களைப்போடு தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 184. இந்தியா தோற்றது. ஆனாலும் அந்த ஆட்டத்தை மன்கட்டின் டெஸ்ட் என்றே சொல்கிறார்கள். வீரனின் வயிற்றுப்பாட்டை மதிக்காத நிர்வாகத்துக்கு இதைவிடக் கண்ணியமான பதில் இருக்க முடியாது.

அந்த அக்டோபரில் டெல்லியில் நடந்த முதல் இந்தியா-பாகிஸ்தான் டெஸ்டில் 13 விக்கெட். 1955 தொடக்கத்தில் இந்திய அணியின் தலைவராகப் பாகிஸ்தான் சென்றார். எதிரில் பழைய தோழர் கர்தார். டாக்கா முதல் கராச்சி வரை ஐந்து டெஸ்டும் டிரா. தோற்றுவிடக் கூடாது என்ற பயம் இரு பக்கமும் இருந்தது. ஆட்டம் சலிப்பூட்டியது என்று விமர்சிக்கப்பட்டது. ஆனால் லாகூர் டெஸ்டுக்காக எல்லை திறக்கப்பட்டு, அமிர்தசரஸ் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் சென்று பார்த்தார்கள். பிரிவினையில் இரத்தம் சிந்திய அதே பாதையில் எட்டு ஆண்டுகளுக்குள் மக்கள் கிரிக்கெட் பார்க்கப் போனார்கள் என்பதை நினைத்தால், ஐந்து டிராக்கள் எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை.

1956 ஜனவரி, மறுபடியும் சென்னை. இம்முறை கார்ப்பரேஷன் ஸ்டேடியம், அதாவது இன்றைய நேரு விளையாட்டரங்கம். பழவந்தாங்கலில் மின்ரயில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். நியூசிலாந்துக்கு எதிராக மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். அந்த உலக சாதனை 52 ஆண்டுகள் நின்றது. 2008இல்தான் தென்னாப்பிரிக்காவின் மெக்கென்சியும் ஸ்மித்தும் முறியடித்தார்கள். மன்கட் எடுத்த 231, இந்தியரின் அதிகபட்ச டெஸ்ட் ரன்னாக 1983 வரை இருந்தது. கவாஸ்கர் அதைத் தாண்டியதும் நம் சேப்பாக்கத்தில்தான்.

சென்னை அவருக்குக் கசப்பையும் கொடுத்தது. 1959 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான நான்காவது டெஸ்டுக்கு முந்தைய நாள், அணித் தேர்வுத் தகராறில் உம்ரிகர் கேப்டன் பதவியை உதறினார். பதவி 41 வயது மன்கட்டின் தலையில் விழுந்தது. இந்தியா 295 ரன்னில் தோற்றது. அடுத்த டெஸ்டுக்குத் தலைவர் ஹேமு அதிகாரி. அந்தத் தொடரின் நான்காவது கேப்டன். டெல்லியில் நடந்த அந்த ஆட்டத்தோடு மன்கட்டின் டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. 44 டெஸ்ட், 2109 ரன், 162 விக்கெட். ஒன்று முதல் பதினொன்று வரை எல்லா இடத்திலும் பேட்டிங் செய்த மிகச் சிலரில் ஒருவர்.

1978 ஆகஸ்ட் 21 அன்று மும்பையில் இறந்தார். 2019இல் நம் மேற்கு மாம்பலத்து அஸ்வின், ஜெய்ப்பூரில் ஜோஸ் பட்லரை அதே முறையில் அவுட் செய்தபோது பழைய கூச்சல் மறுபடி எழுந்தது, பழைய பெயரும் கூடவே வந்தது. 2022 அக்டோபரில் அமலுக்கு வந்த விதித் திருத்தம் இந்த அவுட்டை 'நியாயமற்ற ஆட்டம்' என்ற பகுதியிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட்டுக்கான பகுதியில் சேர்த்துவிட்டது. சிட்னிச் சம்பவம் நடந்து அப்போது 75 ஆண்டுகள் ஆகப்போகின்றன.