படித்தவர்களும் பக்திமான்களும் ஹிட்லர் பின்னால் போனது ஏன்? போதகர் போன்ஹோஃபர் சொன்ன காரணம்

1933 ஜனவரி 30. ஜெர்மனியின் சான்சலராக ஹிட்லர் பதவியேற்கிறார். இரண்டே நாளில், பிப்ரவரி 1ஆம் தேதி, பெர்லின் வானொலியில் 26 வயது இறையியல் விரிவுரையாளர் ஒருவர் பேசுகிறார். இளைஞர்கள் ஏன் ஒரு தலைவருக்காக இப்படி ஏங்குகிறார்கள் என்பதுதான் பேச்சு. தன்னைத் தெய்வமாகக் கும்பிட விடுகிற தலைவன் வழிகாட்டி இல்லை, வழிகெடுப்பவன் என்பது அவர் வாதம். உரை முடிவதற்குள் ஒலிபரப்பு கட் ஆனது.

யார் இவர்?

டீட்ரிச் போன்ஹோஃபர். 1906ல் பிரெஸ்லாவில் பிறந்தவர். அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. அப்பா பெர்லினில் பெயர்பெற்ற மனநல மருத்துவப் பேராசிரியர். மகன் 21 வயதிலேயே இறையியலில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார்.

மக்கள் ஏன் நம்பினார்கள்?

முதல் உலகப் போரில் தோல்வி, வெர்சாய் ஒப்பந்த அவமானம், 1932ல் சுமார் 60 லட்சம் பேருக்கு வேலையில்லை. இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிற காரணங்கள். போன்ஹோஃபரை உறுத்தியது வேறு. ஞாயிறு தவறாமல் ஆலயம் போனவர்களும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தார்கள். 1933 ஜூலையில் நடந்த புராட்டஸ்டன்ட் திருச்சபைத் தேர்தலில் நாஜி ஆதரவு அணிக்குப் பெருவெற்றி. யூத வம்சாவளியில் வந்த போதகர்களை வெளியேற்ற வேண்டும் என்றது அந்த அணி.

அதே ஆண்டு போன்ஹோஃபர் எழுதினார்: அரசின் சக்கரத்தில் அடிபட்டவர்களுக்குக் கட்டுப்போட்டால் மட்டும் போதாது, தேவைப்பட்டால் திருச்சபை அந்தச் சக்கரத்தையே தடுத்து நிறுத்த வேண்டும். அப்போது அதைக் காதில் வாங்கியவர்கள் ரொம்பக் குறைவு.

நாஜிகளுக்கு வளைந்து கொடுக்காத போதகர்களுக்காக ஃபிங்கன்வால்டே என்ற இடத்தில் இறையியல் பள்ளி நடத்தினார். 1937ல் ரகசிய போலீஸான கெஸ்டபோ அதை இழுத்து மூடியது. 1939 ஜூனில் நியூயார்க் போனார். அங்கேயே தங்கியிருந்தால் உயிர் தப்பியிருக்கும். ஒரே மாதத்தில் கப்பல் ஏறித் திரும்பிவிட்டார். பிறகு ராணுவ உளவுத்துறைக்குள்ளேயே இயங்கிய ஹிட்லர் எதிர்ப்புக் குழுவில் சேர்ந்தார்.

கூரைக்குள் ஒளித்த கட்டுரை

1942 முடியும் நேரம். ஹிட்லர் ஆட்சிக்குப் பத்து வயதாகப் போகிறது. நெருங்கிய சிலருக்காக மட்டும் போன்ஹோஃபர் ஒரு கட்டுரை எழுதினார். கெட்ட எண்ணத்தைவிட முட்டாள்தனம் ஆபத்தானது என்கிறார் அதில். கெட்டவனை அம்பலப்படுத்தலாம், பலத்தால் தடுக்கலாம். முட்டாளிடம் ஆதாரத்தை நீட்டினால், நம்ப மாட்டேன் என்று ஒதுக்கிவிட்டு நிம்மதியாகப் போய்விடுவான்.

இங்கே முட்டாள்தனம் என்றால் அறிவுக்குறைவு இல்லை. பேராசிரியருக்கும் அது வரும், பள்ளிக்கூடமே போகாதவருக்கு வராமலும் இருக்கும். ஒரு பெரிய அதிகாரம் எழும்பும்போது, கூட்டத்தோடு சேர்ந்த மனிதன் சுயமாக முடிவெடுப்பதையே விட்டுக்கொடுத்து விடுகிறான். அப்புறம் அவனோடு பேசினால், ஒரு மனிதனோடு பேசுவது போல இருக்காது. கோஷங்கள்தான் பதில் சொல்லும்.

ஜெர்மானியர்கள் பெருமையாக நினைத்த கீழ்ப்படிதலையும் அவர் விட்டுவைக்கவில்லை. தீமைக்கு உதவியதே அந்த நல்ல குணம்தான் என்றார். கடமை, கடமை என்று மட்டும் இருப்பவன் கடைசியில் சாத்தானுக்கும் கடமை செய்ய வேண்டிவரும். போதகர் எழுதியது என்பதால் இது லேசான வார்த்தை இல்லை.

அப்போ மருந்து என்ன? புத்திமதி வேலைக்கு ஆகாது என்கிறார். முதலில் வெளியே இருக்கிற அதிகாரத்தின் பிடி விலக வேண்டும். கடவுளுக்கு முன் நான்தான் பதில் சொல்லியாக வேண்டும் என்ற உணர்வு அதன் பிறகுதான் உள்ளே வேர்பிடிக்கும். ஹிட்லர் எதிர்ப்புக் குழுவில் சேர்ந்து அவர் செய்துகொண்டிருந்ததும் அந்தப் பிடியை உடைக்கும் வேலைதான்.

1943 ஏப்ரல் 5ஆம் தேதி கைதானார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளாசன்பர்க் வதைமுகாமில் தூக்கிலிடப்பட்டார். வயது 39. இரண்டே வாரத்தில், ஏப்ரல் 23 அன்று, அமெரிக்கப் படை அந்த முகாமுக்குள் நுழைந்தது. அவருடைய அண்ணன் கிளாவுஸும், அக்காமார் இருவரின் கணவர்களும் அதே ஏப்ரலில் கொல்லப்பட்டார்கள். பெற்றோர் வீட்டுக் கூரைக்குள் ஒளித்து வைத்திருந்த கட்டுரையின் பிரதி மட்டும் குண்டுவீச்சுக்கும் சோதனைக்கும் தப்பியது.