அடுக்கத் தெரிந்த அறிஞர்
(மூன்றாம் ஆண்டு, கணினி அறிவியல்)

சென்ற பருவத்தில் எங்கள் துறைக் கணினியை ஒழுங்குபடுத்தும் பணி என்னிடம் வந்தது. விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத் தொழில்களைப் பற்றி முன்னாள் மாணவர் எழுதிய ஆய்வேடுகளின் படிகள் ஒரே கோப்புறையில் குவிந்து கிடந்தன. லினக்ஸில் பத்து வரியில் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒவ்வொரு கோப்புக்கும் தொழிலும் ஆண்டும் சேர்ந்த புதுப் பெயர் சூட்டி, உரிய கோப்புறைக்கு நகர்த்துவதே அதன் வேலை. நகர்த்தும் ஆணையான எம்வி, அதே பெயரில் வேறு கோப்பு இருந்தால் கேளாமலேயே அதை அழித்து அமர்ந்துகொள்ளும் என்பதை நான் எண்ணவில்லை. ஒரே ஆண்டில் சாத்தூர்த் தீப்பெட்டியும் சிவகாசித் தீப்பெட்டியும் ஒரே பெயர் பெற்றன. பின்னால் வந்தது மட்டுமே மிஞ்சியது. பதினொரு ஆய்வேடுகள் போயின. அவற்றுள் ஒன்று, பட்டாசு ஆலையில் திரி வைக்கும் பெண்களைப் பற்றி எங்கள் தெரு அக்கா ஒருவர் எழுதியது.

தலை குனிந்து நின்ற என்னை நூலகர் ஐயா கடிந்துகொள்ளவில்லை. இரங்கநாதனின் வரலாற்றைப் படித்து வா என்று அனுப்பிவிட்டார்.

நூலக இயலின் தந்தை என நாடு போற்றும் சீர்காழி இராமாமிர்தம் இரங்கநாதன் 1892ஆம் ஆண்டு பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதம் பயின்று, மங்களூரிலும் கோவையிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். நம்மைப் போன்ற அரசுக் கல்லூரி மாணவர்களுக்குப் பாடம் சொன்னவர் என்பதில் எனக்கொரு தனி மகிழ்ச்சி.

1924இல் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். விரும்பி ஏற்ற பணியன்று. ஆளரவமற்ற அந்த அறை பிடிக்காமல், வகுப்பறைக்கே திரும்பத் துடித்தார். இலண்டன் சென்று பயின்று வந்த பிறகும் பிடிக்காவிட்டால் திரும்பலாம் என்ற பேச்சின்மேல் கப்பலேறினார்.

இலண்டனில் ஒரு பெருங்கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். அதே தகடுகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் வெவ்வேறு பொம்மைகள் உருவாயின. கணித மனம் அங்கே விழித்துக்கொண்டது. அமெரிக்கர் டூயி 1876இல் வெளியிட்ட முறையில் அறிவு பத்துப் பத்தாகக் கிளை பிரியும். ஒரு நூல் ஒரு கிளையில்தான் அமர முடியும். சாத்தூர்த் தீப்பெட்டித் தொழிலில் சிறுவர் உழைப்பு என்று ஒரு நூல் வந்தால் அதைத் தொழிலில் வைப்பதா, சிறுவரில் வைப்பதா, ஊரில் வைப்பதா? இரங்கநாதன் கிளையை விட்டுவிட்டுத் தகடுகளைப் பிடித்தார். பொருளின் கூறுகளைத் தனித்தனியே குறித்து, முக்காற்புள்ளியால் பூட்டினார். 1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை இதுவே. ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து அடிப்படைக் கூறுகள் அதில் பின்னர் தெளிவு பெற்றன.

திரும்பி வந்தவர் வகுப்பறையை நினைக்கவே இல்லை. 1931இல் நூலக இயலின் ஐந்து விதிகளை நூலாக்கினார். 1945இல் காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்று, ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களைத் தாமே பகுத்தார். ஸ்கிரிப்ட் இல்லாத காலம்! ஒவ்வொரு நூலையும் திறந்து பார்த்துத்தான் எண் இட்டிருக்க வேண்டும். நான் ஒரு கோப்பைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. பின்னர் தில்லியில் கற்பித்தார். ஊர்தோறும் நூலகம் என்ற அவர் கனவுக்கு 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் வழி திறந்தது. தம் சேமிப்பைத் துணைவியார் சாரதாவின் பெயரால் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே வழங்கினார். 1962இல் பெங்களூரில் ஆவணவியல் பயிற்சி மையத்தைத் தொடங்கி, 1972இல் மறையும்வரை உழைத்தார்.

பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை வேறு, செலுத்தும் அறை வேறு. இடம் மாறினால் உயிர் போகும் என்று அம்மா சொல்வார். நூல் இடம் மாறினாலும் போனது போனதுதான்.

ஸ்கிரிப்டைத் திருத்தி எழுதிவிட்டேன். கோப்பின் பெயரில் இப்போது தொழில், உழைப்போர், ஊர், ஆண்டு எல்லாம் உண்டு. ஒரே கோப்பைத் தொழில் வழியாகவும் ஊர் வழியாகவும் அடைய லிங்க் போட்டிருக்கிறேன். எம்வி ஆணையோடு மைனஸ் என் சேர்த்ததால், இருக்கும் கோப்பை அது தொடாது. நகர்த்துவதற்கு முன், என்ன செய்யப்போகிறது என்று எக்கோ திரையில் காட்டும். நான் ஒவ்வொரு வரியாகப் படிக்கிறேன்.

அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கையெழுத்துப் படி பரணில் இருந்தாலும் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை ஏணி கொண்டு வா என்றிருக்கிறார்.