தமிழில் தீர்ப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இன்றைய பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்கள் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. பாடாலூர் போன்றதோர் ஊரில் எழும் நிலத் தகராறு முற்றினால் மாவட்ட நீதிமன்றம் வரை செல்லக்கூடும். வழக்காடுவோரின் பத்திரங்களும் வாக்குமூலங்களும் தமிழில் இருந்தன. நீதிபதியின் மொழியோ ஆங்கிலம். இரண்டிற்கும் இடையில் நின்றவர் மொழிபெயர்ப்பாளர். அவர் ஒரு சொல்லைப் பிழைபடப் பெயர்த்தால் ஒரு குடும்பத்தின் நிலமே கைமாறிவிடும். 1850இல் அப்பொறுப்பை ஏற்றவர் வேதநாயகம் பிள்ளை.

1826இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்த அவர், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரான தியாகராச பிள்ளையிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். 1848இல் நீதிமன்ற ஆவணக் காப்பாளராகப் பணியில் சேர்ந்தார். உரிமையியல் வழக்குகளை விசாரிக்கும் முன்சீப் பதவிக்கு உயர அவர் தேர்வெழுத வேண்டியிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகமே 1857இல்தான் நிறுவப்பட்டது. ஆகவே சட்டப் பட்டம் என்னும் வழி அவருக்கு இருக்கவில்லை.

பல்லாண்டுகள் நீதிமன்றத்தில் பழகியவருக்குத் தேர்வு எளிது என்று தோன்றலாம். ஆயின், பிறர் கூற்றைக் கூட்டாமலும் குறைக்காமலும் பெயர்ப்பது மொழிபெயர்ப்பாளர் கடமை. இரு தரப்பையும் சீர்தூக்கி முடிவுரைப்பது நீதிபதியின் கடமை. முன்னதில் பெற்ற பழக்கம் பின்னதற்குத் தானாகவே கைகொடுத்துவிடாது. சட்டமும் அன்று ஒரே நூலில் தொகுக்கப்பட்டிருக்கவில்லை. கும்பினியாரின் ஒழுங்குவிதிகள், அவரவர் சமயஞ்சார்ந்த சட்டங்கள், உயர்நிலை நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புகள் எனப் பல இடங்களில் அது சிதறிக் கிடந்தது.

தேர்வில் வென்ற வேதநாயகம் பிள்ளை, 1857இல் தரங்கம்பாடி முன்சீப்பாக அமர்ந்தார். டேனியர் ஆட்சியிலிருந்து அவ்வூர் ஆங்கிலேயர் கைக்கு வந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. பின்னர்ச் சீர்காழியிலும் மாயூரத்திலும் பணியாற்றினார். மாயூரம் அவர் பெயருக்கு முன்னொட்டாகவே நிலைத்துவிட்டது.

பதவி பெற்றபின்னும் பழைய எழுதுகோலை அவர் கீழே வைக்கவில்லை. 1805 முதல் 1861 வரையிலான ஆங்கிலத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் நூலாக வெளியிட்டார். ஆங்கிலம் அறியாதவரும் முந்தைய தீர்ப்புகளைப் படித்தறிய இது வழி செய்தது. அவருடைய பணிகளுள் அதிகம் பேசப்படாதது இதுவே. பலரும் அவரை முதல் தமிழ்ப் புதின ஆசிரியராக மட்டுமே அறிவர். 1879இல் வெளிவந்த அந்தப் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ புதினத்திலும் நீதிமன்றம் வருகிறது. தமிழ்நாட்டில், தமிழரின் வழக்கில், தமிழ் வழக்கறிஞர்கள் ஆங்கிலத்தில் வாதிடுவதை அக்கதை கடிந்து பேசுகிறது.