பூட்டுத் தொழிலாளியின் மைந்தர்

ஓம் விதியை நாம் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். மூன்றே எழுத்துகளில் அடங்கிவிடும் அவ்விதிக்குப் பின்னால் ஒரு மனிதரின் வறுமையும் பொறுமையும் மறைந்திருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை பூட்டுத் தொழிலாளி. முறையான பள்ளிப் படிப்பு இல்லாத அப்பெருமகனார் தாமே முயன்று கணிதம் கற்று, தம் மைந்தர்களுக்கும் கற்பித்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆதலால் அத்தந்தையை எண்ணுந்தோறும் என் நெஞ்சம் நெகிழ்கிறது.

கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது ஓம் தாமே கருவிகள் செய்து மின்னோட்டத்தை ஆராய்ந்தார். 1825-இல் அவர் வெளியிட்ட முதல் விதி பிழையாகிவிட்டது. ஏன்? வோல்டா மின்கல அடுக்கின் மின்னழுத்தம் ஓரிடத்தில் நிற்கவில்லை. மூலமே ஆடினால் அளவு எப்படி நிலைக்கும்?

ஓம் சோர்ந்துவிடவில்லை. போகன்டார்ஃப் என்னும் அறிஞரின் யோசனைப்படி பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப மின்னிரட்டையை அமைத்தார். ஒரு சந்தி கொதிநீரில்; மறு சந்தி பனிக்கட்டியில். வெப்பநிலை மாறாததால் மின்னழுத்தமும் மாறவில்லை. வெவ்வேறு நீளமுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து, தொங்கும் காந்த ஊசியின் துணையால் மின்னோட்டத்தை அளந்தார். 1826-இல் உண்மை விதி கிட்டியது. கம்பியின் தடையோடு சுற்றின் ஏனைய பகுதிகளின் தடையையும் அவர் தம் சமன்பாட்டில் சேர்த்திருந்தார்.

இன்றைய டிஜிட்டல் வோல்ட்மீட்டருக்கும் இவ்விரு பாடங்களே உயிர். இரட்டைச் சரிவு முறையில், அளக்க வேண்டிய மின்னழுத்தம் குறித்த நேரம்வரை மின்தேக்கியை மின்னேற்றுகிறது. பின்னர்க் கருவிக்குள் இருக்கும் ஒப்பீட்டு மின்னழுத்தம் அதனை மின்னிறக்குகிறது. அந்நேரத்தில் எண்ணப்படும் துடிப்புகளே முகப்பில் இலக்கங்களாகத் தோன்றுகின்றன. ஒப்பீட்டு மின்னழுத்தம் நூற்றில் ஒரு பங்கு பிசகினால், எத்தனை இலக்கங்கள் ஒளிர்ந்தாலும் விடையும் அவ்வளவு பிசகும். மேலும், 10 மெகா ஓம் உள்ளீட்டுத் தடை கொண்ட கருவியை 1 மெகா ஓம் அகத்தடையுள்ள மூலத்தோடு இணைத்தால், 10 வோல்ட் 9.09 வோல்ட்டாகவே தெரியும். இலக்கம் வேறு, துல்லியம் வேறு!

1827-இல் ஓம் தம் ஆய்வை நூலாக்கினார். ஜெர்மானிய அறிஞருலகம் அதனைக் குளிர்ந்த முகத்தோடு நோக்கியது. எதிர்பார்த்த பேராசிரியர் பதவி கிட்டவில்லை. இருந்த வேலையையும் துறந்தார். 1833-இல்தான் நூரம்பெர்க்கில் தக்க பணி அமைந்தது. 1841-இல் இலண்டன் ராயல் கழகம் காப்ளி பதக்கம் அளித்துப் போற்றியது. 1852-இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானார். இரண்டே ஆண்டுகள்! 1854 ஜூலை 6-இல் மறைந்தார். 1881-இல் பாரிஸ் மாநாடு மின்தடையின் அலகுக்கு அவர் பெயரைச் சூட்டியது.

மாணவ நண்பர்களே! கருவி காட்டும் எண்ணை அப்படியே குறித்துக்கொள்ளுமுன், மூலம் நிலையானதா, கருவியின் தடை போதுமானதா என்று கேளுங்கள். பூட்டுத் தொழிலாளியின் மைந்தருக்கு நாம் செலுத்தக்கூடிய மெய்யான வணக்கம் அதுவே.