வில்லியம் புரூக் ஓசாக்னசி

வில்லியம் புரூக் ஓசாக்னசி (1809 – சனவரி 1889) அயர்லாந்தில் பிறந்த மருத்துவரும் வேதியியலாளரும் ஆவார். இந்தியாவில் முதல் மின்தந்தி வலையமைப்பை நிறுவியவர் இவரே. கம்பி, மின்காப்பு, இடைநிலையம், பொதுக் குறியீடு, நீரடித் தடம் ஆகியவற்றில் எழுந்த சிக்கல்களுக்கு இவர் கண்ட தீர்வுகள், இன்று வீடுகளுக்கு இணையத்தைக் கொண்டுவரும் அகலப்பட்டை அமைப்பைப் புரிந்துகொள்ளவும் உதவுகின்றன. இவருடைய காலத்தில் இராமேசுவரம் – மன்னார் பகுதி வழியாக இலங்கையை எட்டிய தந்தித் தடமும், 2006 இல் தூத்துக்குடியிலிருந்து இலங்கைக்கு இடப்பட்ட ஒளியிழை வடமும் முத்துக்குளித்துறைக் கடலோரத்தின் தொடர்பியல் வரலாற்றில் இரு முனைகளாக அமைகின்றன.

இளமையும் கல்வியும்

ஓசாக்னசி அயர்லாந்தின் லிமரிக் நகரில் பிறந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1829 இல் பட்டம் பெற்றார். 1831 இல் இங்கிலாந்தில் வாந்திபேதி பரவியபோது நோயாளிகளின் குருதியைப் பகுப்பாய்வு செய்தார். நோயின்போது உடலிலிருந்து நீரும் உப்புகளும் பெருமளவில் வெளியேறுவதைக் கண்டு, அவற்றைக் குருதிநாளம் வழியாக ஈடுசெய்யலாம் என்று முன்மொழிந்தார். அடுத்த ஆண்டில் தாமசு லாட்டா என்னும் மருத்துவர் இம்முறையை நோயாளிகளுக்குப் பயன்படுத்தினார். இன்றைய உப்புநீர் ஏற்றும் சிகிச்சைக்கு இதுவே தொடக்கம் எனலாம்.

இந்தியாவில் மருத்துவப் பணி

1833 இல் கிழக்கிந்தியக் கம்பனியின் உதவி அறுவை மருத்துவராகக் கல்கத்தா வந்தார். 1835 இல் தொடங்கப்பட்ட கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராகப் பணியாற்றினார். கஞ்சாச் செடியின் மருத்துவப் பயன்களைப் பற்றி 1839 இல் இவர் வெளியிட்ட ஆய்வு, அதனை மேலை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தியது. 1843 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

முதல் தந்திச் சோதனை

1839 இல் கல்கத்தாவுக்கு அருகில் 21 மைல் நீளமுள்ள சோதனைத் தடம் ஒன்றை அமைத்தார். இரும்புக் கம்பியை மூங்கில்களின்மேல் இழுத்துக் கட்டினார். தடத்தின் ஒரு பகுதி ஊக்ளி ஆற்று நீரையும் உட்கொண்டிருந்தது. குறிகளைப் பெறும் முறைகளுள் ஒன்றாக, விரல்களில் உணரப்படும் மின்னதிர்ச்சியையே பயன்படுத்தினார். அமெரிக்காவில் சாமுவேல் மோர்சின் வாசிங்டன் – பால்ட்டிமோர் தடம் 1844 இலேயே திறக்கப்பட்டது என்பதை நோக்க, இச்சோதனையின் முன்னோடித் தன்மை விளங்கும். எனினும் அரசின் ஆதரவு கிடைக்காமையால் பத்தாண்டுகளுக்கு மேல் இம்முயற்சி தொடரவில்லை.

தந்தி வலையமைப்பு

டல்ஹவுசி பிரபு தலைமை ஆளுநராக இருந்தபோது இம்முயற்சி மீண்டும் தொடங்கியது. 1851 இல் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஆர்பர் வரை தடம் அமைக்கப்பட்டது. கப்பல்களின் வருகையை நகருக்கு அறிவிப்பதே அதன் முதற்பயனாக இருந்தது.

ஐரோப்பிய முறைகள் இந்தியத் தட்பவெப்பத்திற்கும் செலவுக்கும் பொருந்தவில்லை. மெல்லிய கம்பி புயலிலும் பறவை, குரங்கு ஆகியவற்றாலும் அறுந்தது. எனவே முதல் தடத்தில் முக்கால் விரற்கடைக்கும் குறைவான தடிப்புள்ள இரும்புக் கோல்களை ஒன்றோடொன்று இணைத்துப் பயன்படுத்தினார். ஆற்றைக் கடக்கும் இடங்களில் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பாற் பொருளால் மின்காப்புச் செய்த கம்பியை இட்டார். கப்பல்களின் நங்கூரம் அதனை அறுக்காதிருக்க, கனத்த இரும்புச் சங்கிலியின் இடுக்கில் கம்பியைப் பொருத்தினார்.

இவர் தந்தித் துறையின் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டபின் 1853 நவம்பரில் பெருந்தடப் பணி தொடங்கியது. 1854 மார்ச்சில் ஆக்ராவிலிருந்து கல்கத்தாவுக்கு முதற்செய்தி சென்றது. 1855 பெப்ரவரியில் தந்தி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அப்போது பம்பாயும் மதராசும் வலையமைப்பில் இணைந்திருந்தன. அடுத்த ஓராண்டுக்குள் தடங்களின் நீளம் 4,000 மைலைத் தாண்டியது. 1856 இல் இவருக்கு வீரத்திருத்தகைப் பட்டம் வழங்கப்பட்டது.

இப்பணியில் இந்தியர் பலர் உழைத்தனர். இவரிடம் பயிற்சி பெற்ற வங்காளியான சிவச்சந்திர நந்தி அவர்களுள் குறிப்பிடத்தக்கவர். பத்மா ஆற்றின் அடியில் கம்பியிட அவர் மீனவர்களின் படகுகளை வாடகைக்கு அமர்த்திச் செலவைக் குறைத்தார். தடங்களை நட்டவர், காத்தவர், பழுது பார்த்தவர் எனப் பெரும்பாலோரின் பெயர்கள் வரலாற்றில் இடம்பெறவில்லை.

1857 உம் அதன் பின்னரும்

1857 மே மாதம் கிளர்ச்சி வெடித்தபோது, தில்லியிலிருந்து அம்பாலாவுக்குச் சென்ற தந்தி ஆங்கிலேயப் படைகளை முன்னரே எச்சரித்தது. கிளர்ச்சியாளர்கள் பல நூறு மைல் தடங்களை அழித்தனர். வலையமைப்பு யாருடைய கையில் இருந்ததோ அவர்களுக்கே முதலில் பயன்பட்டது என்பதை இந்நிகழ்வு காட்டியது. ஓசாக்னசியின் தடங்கள் வணிகத்திற்கும் மக்களுக்கும் பயன்பட்டபோதிலும், படையும் ஆட்சியுமே அவற்றின் முதன்மை நோக்கமாக இருந்தன.

முத்துக்குளித்துறைக் கடலில்

மதராசிலிருந்து தெற்கே இராமநாதபுரக் கரை வரை நீண்ட தடம், 1850களின் இறுதியில் பாம்பன், மன்னார் வழியாக இலங்கையுடன் இணைந்தது. இலங்கையில் கொழும்பு – காலி தடம் 1858 இல் செயற்படத் தொடங்கியது.

செய்தி பாம்பன் வழியாகச் சென்றாலும், பயணிகள் நெடுங்காலம் தூத்துக்குடி வழியாகவே சென்றனர். 1876 இல் தூத்துக்குடிக்குத் தொடர்வண்டி வந்தது. 1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்படும் வரை, வண்டியில் வந்தவர்கள் இங்கிருந்து கப்பலேறிக் கொழும்பு சென்றனர். 2006 இல் செய்தியும் இத்துறைமுகத்தை நாடி வந்தது. பி.எஸ்.என்.எல். நிறுவனமும் சிறீலங்கா டெலிகொம் நிறுவனமும் இணைந்து, தூத்துக்குடிக்கும் கொழும்பையடுத்த கல்கிசைக்கும் இடையே ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளமுள்ள ஒளியிழை வடத்தைக் கடலடியில் இட்டன.

தந்தியும் இன்றைய வலையமைப்புச் சொற்களும்

ஓசாக்னசி எதிர்கொண்ட சிக்கல்கள் இன்றும் வெவ்வேறு பெயர்களில் தொடர்கின்றன. வீட்டு இணைய இணைப்பில் வழங்கும் அடிப்படைச் சொற்களை அவற்றோடு ஒப்பிட்டு அறியலாம்.

ஊடகம்: குறி பயணம் செய்யும் பாதை. ஓசாக்னசிக்கு இரும்புக் கோல், தொலைபேசி இணைப்பில் செப்புக் கம்பி, ஒளியிழையில் கண்ணாடி. வைஃபையில் 2.4, 5 கிகாஏர்ட்சு முதலிய அலைவெண்களில் செல்லும் வானலை.

பட்டையகலம்: ஊடகத்தில் ஒரு நொடியில் எவ்வளவு தகவலை அனுப்பலாம் என்பதைக் குறிக்கப் பொதுவழக்கில் இச்சொல் பயன்படுகிறது. தந்தியில் இது நிமிடத்திற்குச் சில சொற்களே. இணையத்தில் இது நொடிக்கு இத்தனை பிட் என்று அளக்கப்படுகிறது. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட்டு. ஆகவே நொடிக்கு 8 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் ஒரு நொடியில் அதிக அளவாக 1 மெகாபைட்டே இறங்கும். விளம்பர வேகத்திற்கும் கோப்பு இறங்கும் வேகத்திற்கும் இடையிலான குழப்பம் பெரும்பாலும் இதனால் எழுவதாகும்.

அகலப்பட்டை (பிராட்பேண்ட்): தொலைபேசிக் குரல் 4 கிலோஏர்ட்சுக்கு உட்பட்ட குறுகிய பட்டையில் அடங்கும். அதே செப்புக் கம்பியின் உயர் அலைவெண்களில் தரவை அனுப்புவதே டி.எஸ்.எல். முறை. இரண்டையும் பிரிக்க வடிகட்டி பொருத்தப்படும். இந்தியாவில் அகலப்பட்டை எனக் கொள்ளப்படும் குறைந்த வேகம் 2004 இல் நொடிக்கு 256 கிலோபிட்டாகவும், 2013 இல் 512 கிலோபிட்டாகவும், 2023 இல் 2 மெகாபிட்டாகவும் வரையறுக்கப்பட்டது.

மோடம்: கணினியின் குறிகளை ஊடகத்திற்கு ஏற்றவாறும், ஊடகத்தின் குறிகளைக் கணினிக்கு ஏற்றவாறும் மாற்றும் கருவி. எழுத்தை ஊசியசைவாக மாற்றிய தந்தி எழுத்தரின் பணியை இது செய்கிறது.

வழிச்செயலி (ரவுட்டர்): தொலைவு கூடக் குறி நலிந்ததால், இடைநிலைய எழுத்தர்கள் செய்தியைப் பெற்று, முகவரியைப் பார்த்து, உரிய தடத்தில் மீண்டும் அனுப்பினர். தரவுப் பொதிகளின் ஐ.பி. முகவரியைப் பார்த்து வழிச்செயலி இதனையே செய்கிறது. வீட்டிலுள்ள வழிச்செயலி ஒரே இணைப்பைப் பல கருவிகளுக்குப் பகிர்ந்து, ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரியை வழங்குகிறது. நிலைமாற்றி (சுவிட்ச்) ஒரே வலையமைப்புக்குள் உள்ள கருவிகளைக் கம்பிவழி இணைப்பதாகும்.

நெறிமுறை: இரு முனையினரும் ஏற்கும் பொது விதி. ஓசாக்னசி முதலில் தாமே வகுத்த ஊசிக் கருவியையும் குறியீட்டையும் பயன்படுத்தினார். பின்னர் அவற்றைக் கைவிட்டு மோர்சு முறை ஏற்கப்பட்டது. எவ்வளவு நல்ல கம்பியாயினும், இரு முனைகளிலும் ஒரே குறியீடு இல்லையெனில் செய்தி இல்லை. இணையத்தில் இவ்விடத்தை டி.சி.பி./ஐ.பி. பெற்றுள்ளது.

தாமதம்: குறி ஒரு முனையிலிருந்து மறுமுனையை அடைய எடுக்கும் நேரம். இது வேகத்திலிருந்து வேறானது. ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்வதால், தூத்துக்குடி – கல்கிசை வடத்தைக் கடக்க அதற்கு ஏறத்தாழ 1.6 மில்லிநொடி போதும்.

தந்தி தடைப்பட்டால் எந்த இரு நிலையங்களுக்கு இடையே பழுது என்பதை முதலில் அறிந்த பின்னரே ஆளனுப்புவர். வீட்டிலும் இம்முறையே பயனளிக்கும். கம்பிவழி இணைத்த கணினியில் இணையம் கிடைத்துக் கைபேசியில் கிடைக்காவிடில், பழுது பெரும்பாலும் வைஃபையில் உள்ளது. இரண்டிலும் கிடைக்காமல், மோடத்தின் இணைப்பு விளக்கும் அணைந்திருந்தால், வெளித் தடத்தை ஐயுறலாம்.

இறுதிக் காலம்

1860களின் தொடக்கத்தில் ஓசாக்னசி இந்தியப் பணியை விட்டு இங்கிலாந்து திரும்பினார். 1861 இல் தம் குடும்பப் பெயரைப் புரூக் என மாற்றிக்கொண்டார். அதன்பின் பொதுவாழ்வில் பெரிதும் ஈடுபடவில்லை. 1889 சனவரியில் சவுத்சீயில் காலமானார்.

மரபு

இவர் தொடங்கிய தந்திச் சேவை 2013 சூலையில் இந்தியாவில் நிறுத்தப்பட்டது. உப்புநீர்ச் சிகிச்சை, தந்தி ஆகிய இரண்டிலும் முன்னோடியாக இருந்தும், லாட்டா, மோர்சு ஆகியோரின் பெயர்களே பரவலாக நினைவுகூரப்படுகின்றன. தொலைவிலுள்ள நிலையங்களை ஒரே குறியீட்டால் பிணைத்து, செய்தியை முகவரி பார்த்து நிலையம் நிலையமாகக் கடத்தும் அமைப்பை இந்தியாவில் முதலில் நடைமுறைப்படுத்தியவர் என்ற வகையில், நாட்டின் தொடர்பியல் வரலாற்றில் இவருக்கு இடமுண்டு.