நீங்க தூங்குறதுக்காகப் போடுற அந்த பீட்... அதுக்குப் பின்னாடி ஒரு மனுஷன் இருந்தார்!

ராத்திரி பதினொன்றரை மணி. நாளைக்கு செமஸ்டர் எக்ஸாம், இல்லைனா காலையில முடிச்சுக் கொடுத்தே ஆகவேண்டிய ஆபீஸ் வேலை. யூடியூபைத் திறந்து அந்த லோ-ஃபை ஸ்ட்ரீமைப் போடுறீங்க. ஹெட்போன் மாட்டின பொண்ணு ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதிக்கிட்டே இருக்கும், பக்கத்துல ஒரு பூனை. மெதுவா ஒரு டிரம், அதுக்கு மேல நாலு பியானோ நோட்ஸ், பழைய இசைத்தட்டுல வர்ற மாதிரி லேசான கரகரப்பு. பத்தே நிமிஷத்துல, பாட்டு ஓடிக்கிட்டு இருக்கிறதே உங்களுக்கு மறந்துபோயிடும்.

இந்த ஸ்டைலுக்கு அடித்தளம் போட்டவங்கனு இசை ரசிகர்கள் வழக்கமா ரெண்டு பேரைச் சொல்வாங்க. ஒருத்தர் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து ஜே டில்லா. இன்னொருத்தர் டோக்கியோவின் நுஜாபெஸ். ரெண்டு பேரும் பிறந்தது ஒரே நாள், 1974 பிப்ரவரி 7. ரெண்டு பேருமே நாற்பது வயசைப் பார்க்கலை. நாம இப்போ பேசப் போறது ரெண்டாவது ஆளைப் பத்தி.

ஒரு விஷயத்தை முதல்லயே ஒத்துக்கிறேன். 'சாமுராய் சம்ப்ளூ' அனிமேவை காலேஜ் டைம்ல ஒரே வாரத்துல பார்த்து முடிச்சவன் நான். அதோட பி.ஜி.எம்-ஐ போன்ல வெச்சு ரெண்டு வருஷம் தினமும் கேட்டிருக்கேன். அதைப் போட்டவர் யாருன்னு ஒரு நாள்கூடத் தேடினது இல்லை. தேடினப்போ, அவர் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. உங்களுக்கும் அப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம். ஏன்னா, இவர் தன்னைத் தேட வைக்கிற டைப் ஆளே இல்லை.

பேர்லயே ஆரம்பிக்கலாம். அவர் பேர் ஜுன் செபா. ஜப்பானிய முறைப்படி குடும்பப் பேரை முன்னாடி வெச்சு 'செபா ஜுன்'னு ஆங்கில எழுத்துல எழுதி, கடைசி எழுத்துல இருந்து திருப்பிப் படிங்க. நுஜாபெஸ்! ஸ்கூல் பசங்க நோட்டோட பின்பக்கத்துல விளையாடுற விளையாட்டுதான். ஆனா ஒளிஞ்சுக்கிறதுக்கு ரொம்ப வசதியான பேர். டோக்கியோவின் மினாட்டோ பகுதியில இருக்கிற நிஷி-அசாபுல பிறந்தவர். பேட்டிகள் ரொம்பக் கம்மி. போட்டோக்களும் கம்மி. இன்னிக்கு ஒரு ரீல்ஸ் வைரலானாலே மூணு பிரஸ்மீட் நடக்குது இல்லையா, அந்த உலகத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் நின்னவர்.

அவர் முதல்ல கடைக்காரர். 90-களின் டோக்கியோவுல, ஷிபுயா ஏரியா இசைத்தட்டுப் பிரியர்களுக்கு சொர்க்கம். சந்துக்குச் சந்து வினைல் கடைகள். அதுல 'கின்னஸ் ரெக்கார்ட்ஸ்'ங்கிற கடையை நடத்தினவர் செபா. 1998-ல 'ஹைட்அவுட் புரொடக்ஷன்ஸ்'னு சொந்தமா ஒரு லேபிளும் ஆரம்பிச்சார். பெரிய கம்பெனி வாசல்ல கேசட்டோட காத்து நின்ன கதையெல்லாம் இதுல கிடையாது. தன் கடை, தன் லேபிள், தன் நண்பர்கள். அவ்வளவுதான்.

கடைக்காரர்ங்கிறது இங்கே சும்மா ஒரு பயோடேட்டா வரி இல்லை. ஹிப்-ஹாப்ல பீட் பண்றவங்க வேலையே ஒரு வகையில இசைத்தட்டுக் கடைக்காரர் வேலைதான். ஆயிரம் பழைய தட்டுகளைக் கேட்கணும். யாரும் கவனிக்காத ஒரு பாட்டுல, யாரும் கவனிக்காத அஞ்சு செகண்டைக் கண்டுபிடிக்கணும். அதை வெட்டி எடுத்து, சுத்தி சுத்தி ஓடவிட்டு, கீழே டிரம் வைக்கணும். இதைத்தான் சாம்பிளிங்னு சொல்றாங்க. மெஷின் யார் வேணா வாங்கலாம். அந்த அஞ்சு செகண்டைக் கண்டுபிடிக்கிற காது கடையில கிடைக்காது. செபாவுக்கு அந்தக் காது ஜாஸ், பிரேசில் இசை பக்கமா சாய்ஞ்சிருந்தது. 2003-ல வந்த அவரோட முதல் ஆல்பம் 'மெட்டஃபோரிக்கல் மியூசிக்'ல 'லேடி பிரவுன்'னு ஒரு டிராக் இருக்கு. அதுல வர்ற கிட்டார், பிரேசிலின் லூயிஸ் பொன்ஃபா வாசிச்சது. மூலப் பாட்டோட பேரு என்ன தெரியுமா? மாமரத்து நிழல்னு அர்த்தம் வர்ற பேர். கேட்டுப் பாருங்க, நிஜமாவே மதியம் மூணு மணிக்கு மரத்தடியில உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும்.

அடுத்த வருஷம்தான் அனிமே வந்தது. இயக்குநர் ஷினிச்சிரோ வாதனாபே. 'கௌபாய் பீபாப்' எடுத்தவர்னு சொன்னா உங்களுக்குச் சட்டுனு புரியும். பீபாப்ல யோக்கோ கன்னோவோட ஜாஸ் எப்படி கதையின் பாதியாவே இருந்ததோ, அதே வேலையை இந்தத் தடவை ஹிப்-ஹாப்கிட்ட கொடுத்தார் வாதனாபே. சாமுராய் காலத்துக் கதைக்கு! வாள் தூக்கின ரெண்டு பேரும், சூரியகாந்தி வாசம் வீசுற ஒரு சாமுராயைத் தேடுற ஒரு பொண்ணும் நடந்தே போற 26 எபிசோடுகள். அதுல முகென் சண்டை போட்டா பிரேக் டான்ஸ் ஆடுற மாதிரி இருக்கும். காட்சி மாறுற இடத்துல டி.ஜே தட்டைக் கிழிக்கிற சத்தம் வரும். 'சம்ப்ளூ'ங்கிறதே ஓகினாவா பக்கத்துச் சொல், கலந்து கட்டினதுன்னு அர்த்தம். பேருக்குப் பொருத்தமா, இசைக்கும் ஒரே ஆளைப் போடலை. நுஜாபெஸ், அமெரிக்காவுல இருந்து ஃபேட் ஜான், ஜப்பானின் ட்சுட்சி, அப்புறம் ஃபோர்ஸ் ஆஃப் நேச்சர்ங்கிற குழு.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. அனிமே சவுண்ட்டிராக் ஆல்பம் கேட்கிறவங்களுக்குத் தெரியும், அதுல முக்கால்வாசி ஏமாத்தும். படத்துல உலுக்கின இசை, ஆல்பத்துல ஒண்ணேகால் நிமிஷத்துல முடிஞ்சுபோயிருக்கும். ஏன்னா அது காட்சிக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை. காட்சியை உருவிட்டா தொளதொளன்னு தொங்கும். அதனால ஒரு சவுண்ட்டிராக் நல்லதா இல்லையான்னு பார்க்க நான் ஒரே ஒரு சோதனைதான் வெச்சிருக்கேன். அந்த அனிமேவையே பார்க்காத ஒரு ஃப்ரெண்டுகிட்ட ஹெட்போனைக் கொடுங்க. ரெண்டாவது டிராக்லயும் கழட்டாம இருந்தா பாஸ்.

சம்ப்ளூவுக்கு 2004-லயே நாலு ஆல்பம் வந்தது. ஜூன்ல 'மஸ்டா', 'டிபார்ச்சர்'. செப்டம்பர்ல 'இம்ப்ரெஷன்', 'பிளேலிஸ்ட்'. நாலும் ஒரே தரம்னு சொன்னா அது பொய். 'பிளேலிஸ்ட்' முழுக்க ட்சுட்சியோடது, சில இடங்கள் அருமை, சில இடங்கள்ல கை தன்னால ஃபார்வேர்ட் பட்டனுக்குப் போகும். 'மஸ்டா' சண்டைக் காட்சிக்காரங்களுக்குப் பிடிக்கும். நான் சொன்ன சோதனையில டிஸ்டிங்ஷன் வாங்குறது 'டிபார்ச்சர்'தான். நுஜாபெஸும் ஃபேட் ஜானும் சேர்ந்தது. ஷிங்கோ டூ ராப் பண்ற ஓப்பனிங் பாட்டு 'பேட்டில்க்ரை'யில ஆரம்பிச்சு, மின்மி பாடுற எண்டிங் பாட்டு 'ஷிகி நோ உதா'வுல முடியும். ரெண்டுக்குமே இசை நுஜாபெஸ்தான். நடுவுல எங்கேயும், இது காட்சிக்காகப் போட்டதுன்னு தோணாது. ஒரு ஆல்பம் கேட்ட திருப்தி இருக்கும்.

அதுல 'அருவாரியன் டான்ஸ்'னு ஒரு டிராக். இதுக்கு மட்டும் நாலு நிமிஷம் போனைத் தள்ளி வெச்சுட்டு கண்ணை மூடிக் கேளுங்க. ஒரு கிட்டார் லூப், கீழே டிரம். பெரிசா எதுவுமே நடக்காது. ஆனா அந்த கிட்டாருக்கு நூறு வருஷத்துக்கும் மேல வயசு. 1899-ல பிரான்ஸின் மொரீஸ் ரவேல் பியானோவுக்கு எழுதின ஒரு மெல்லிசை அது. இறந்துபோன இளவரசிக்கான நடனம்ங்கிற மாதிரி தலைப்பு. 1939-ல அமெரிக்காவுல அதையே எடுத்து வரிகள் போட்டு ஒரு காதல் பாட்டாக்கினாங்க. அதை 60-களின் கடைசியில பிரேசில்காரர் லாரிந்தோ அல்மேதா கிட்டார்ல வாசிச்சார். அந்தத் தட்டுல இருந்து சில செகண்டை வெட்டி, ஷிபுயாவுல உட்கார்ந்து ஒருத்தர் அதை எடோ காலத்துச் சாமுராய்க்குக் கொடுத்தார். பாரீஸ், நியூயார்க், பிரேசில், டோக்கியோ!

இது திருட்டு இல்லையான்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். அடுத்தவர் பாட்டை அப்படியே எடுத்து மேல டிரம் வெச்சா அது படைப்பான்னு ஹிப்-ஹாப் பிறந்ததுல இருந்தே சண்டை ஓடிக்கிட்டு இருக்கு. உரிமையும் காசும் ஒழுங்கா போய்ச் சேரணும், அதுல ரெண்டு கருத்தே கிடையாது. ஆனா இசையா மட்டும் பார்த்தா, அல்மேதாவோட ஒரிஜினலையும் கேட்டுட்டு இதைக் கேளுங்க. ஒரிஜினல்ல அந்த இடம் வந்து கடந்து போயிடும். இதுல அது போகவே மாட்டேங்குது, அதே இடத்துல உங்களை உட்கார வெச்சுடுது. அந்த உட்கார வெக்கிற வேலையைச் செஞ்சது நுஜாபெஸ்தான்னு நான் நினைக்கிறேன்.

2005-ல 'மோடல் சோல்' வந்தது. என்னைக் கேட்டா இதுதான் அவரோட உச்சம். இந்த நேரத்துல அவர் சாம்பிளை மட்டும் நம்பலை. உயாமா ஹிரோதோ மாதிரி வாசிக்கத் தெரிஞ்ச நண்பர்கள் பக்கத்துல இருந்தாங்க, சாக்ஸபோன் சத்தமெல்லாம் உயிரோட கேட்கும். இந்த ஆல்பத்துலதான் 'லவ்சிக்' மூணாம் பாகம் இருக்கு. 'லவ்சிக்'ங்கிறது ஒரு தொடர். நுஜாபெஸ் பீட் போடுவார், கலிஃபோர்னியாவுல இருந்த ஷிங்கோ டூ வரிகள் எழுதிப் பாடுவார். காதலிக்குக் கடிதம் மாதிரி இருக்கும், ஆனா காதலி நிஜத்துல இசைதான். 2000-களின் ஆரம்பத்துல முதல் பாகம், அப்புறம் ரெண்டு, மூணு. அதுக்கு மேல ரசிகர்கள் காத்திருந்தாங்க. நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் வேலை நடந்துக்கிட்டுதான் இருந்தது.

2010 பிப்ரவரி 26. ராத்திரி டோக்கியோவின் எக்ஸ்பிரஸ்வேயில இருந்து இறங்குற இடத்துல கார் விபத்து. ஷிபுயா பகுதியில ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. காப்பாத்த முடியலை. 36-வது பிறந்தநாள் முடிஞ்சு 19 நாள்தான் ஆகியிருந்தது. இறுதிச்சடங்கு அமைதியா முடிஞ்சு, சில வாரம் கழிச்சுதான் வெளியுலகத்துக்கே விஷயம் தெரிஞ்சது. வாழ்ந்தது மாதிரியே.

இதுக்கு அப்புறம்தான் கஷ்டமான பகுதி. முடிக்காம விட்ட டிராக்குகள் இருந்தது. அதை என்ன பண்றது? அப்படியே பூட்டி வெச்சா கேட்க ஆளில்லாம போகும். முடிச்சு வெளியிட்டா, அது அவர் முடிச்சதா ஆகுமா? நண்பர்கள் முடிக்கிறதுன்னு முடிவெடுத்தாங்க. 2011-ல 'ஸ்பிரிச்சுவல் ஸ்டேட்' வந்தது. நான் இதைப் பல தடவை கேட்டிருக்கேன். அழகா இருக்கு, ஆனா 'மோடல் சோல்' கேட்கிறப்போ வர்ற அந்த ஒரே மனசோட பிடிமானம் சில டிராக்குகள்ல இல்லை. எது அவர் கை, எது நண்பர்கள் கைன்னு நானா தேட ஆரம்பிச்சுடுறேன். இறந்தவரோட ஆல்பத்தைக் குறை சொல்றது மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு. ஆனா இறந்துட்டார்ங்கிறதுக்காக எல்லாத்துக்கும் அஞ்சு ஸ்டார் கொடுத்தா, ஆயிரம் தட்டுல ஒண்ணைப் பொறுக்கி எடுத்த அந்தக் காதுக்கு அது மரியாதையா இருக்குமா, நீங்களே சொல்லுங்க.

இன்னொண்ணும் சொல்லணும். லோ-ஃபை ஸ்ட்ரீம்ல இன்னிக்கு ஓடுற பல டிராக்குகள், பின்னணியில ஓடி மறந்துபோறதுக்குன்னே செஞ்சது. அது தப்பில்லை, எனக்கும் தூக்கம் வரணும். ஆனா அந்தக் கூட்டத்துல நுஜாபெஸையும் சேர்த்து தூங்க வெக்கிற மருந்தாக்கிட்டோமே, அதுதான் உறுத்துது. அவர் பாட்டுல ராப்பர்கள் பேசுற விஷயங்கள் இருக்கு, 'ஃபெதர்' கேட்டீங்கன்னா தெரியும். வரிகளைக் கவனிச்சா தூக்கம் போயிடும்.

'லவ்சிக்' கதையை பாதியில விட்டுட்டேன் இல்லையா? நாலாம், அஞ்சாம் பாகங்களை ஷிங்கோ டூ 2011, 2012-ல வெளியிட்டார். தொடர் அதோட முடிஞ்சிருக்கணும். ஆனா நுஜாபெஸோட செல்போன்ல இன்னொரு பீட் இருந்ததை அவரோட நண்பர்கள் கண்டுபிடிச்சாங்க. ஸ்டூடியோவுல இல்லை, ஹார்டு டிஸ்க்ல இல்லை, நம்ம எல்லார் பாக்கெட்லயும் இருக்கிற மாதிரி ஒரு போன்ல. அதுக்கு ஷிங்கோ டூ வரிகள் எழுதி, ஆறாவதும் கடைசியுமான பாகத்தை முடிச்சார். 2013-ல அது வெளியானது, அவர் இறந்த அதே பிப்ரவரி 26 அன்னிக்கு.