பள்ளிக்குப் போகாத ரிப்பன் பிரபு

குழந்தைகளே! சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே கம்பீரமாக நிற்கும் வெள்ளைக் கட்டடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதுதான் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை. ரிப்பன் என்றதும் சடையில் கட்டும் ரிப்பன் நினைவுக்கு வருகிறதா? இது ஒரு மனிதரைக் குறிக்கும் பெயர்!

ஜார்ஜ் ராபின்சன் 1827 அக்டோபர் 24-ஆம் நாள் லண்டனில் பிறந்தார். எங்கே தெரியுமா? பிரிட்டிஷ் பிரதமரின் இல்லத்தில்! அப்போது அவருடைய தந்தைதான் பிரதமர். ஆனால் ஜார்ஜ் பள்ளிக்கும் போகவில்லை, கல்லூரிக்கும் போகவில்லை. வீட்டிலேயே பாடம் படித்தார். வளர்ந்து, நாடாளுமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் ஆனார். ரிப்பன் பிரபு என்று அழைக்கப்பட்ட அவர், 1880-இல் வைஸ்ராயாக இந்தியாவுக்கு வந்தார்.

அன்றைய ஆட்சி ஓர் ஏணியைப் போன்றது. உச்சியில், லண்டனில் இருந்த இந்திய விவகார அமைச்சர். அடுத்த படியில் வைஸ்ராய். அவருக்குக் கீழே மாகாண ஆளுநர்கள். அதற்கும் கீழே மாவட்டக் கலெக்டர்கள். உத்தரவுகள் மேலிருந்து இறங்கி வரும். கீழே மக்கள் வரி கட்டுவார்கள். நகராட்சிகள் இருந்தாலும், பெரும்பாலானவை அதிகாரிகளின் கையில்தான் இருந்தன.

1882 மே 18-ஆம் நாள் ரிப்பன் அரசு ஒரு தீர்மானம் வெளியிட்டது. உள்ளூர் மன்றங்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அதிகாரிகள் அல்லாதவராக இருக்க வேண்டும். முடிந்த இடங்களில் அவர்களைத் தேர்தல் மூலம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது அது. நிர்வாகம் கெட்டுவிடும் என்று அதிகாரிகள் பலர் முணுமுணுத்தனர். ரிப்பனோ, தொடக்கத்தில் தவறுகள் நேர்ந்தாலும், ஆளப் பழகுவதே மக்களுக்கு நல்ல கல்வி என்று நம்பினார். பள்ளிக்கே போகாதவர் நாட்டுக்கு ஒரு பள்ளியைத் திறந்தார், பார்த்தீர்களா!

அவர் எண்ணியதெல்லாம் நடந்துவிடவில்லை. வரி கட்டும் சிலருக்கே வாக்குரிமை கிடைத்தது. அதிகாரிகளும் பிடியைத் தளர்த்தவில்லை. மாவட்டங்களில் இந்திய நீதிபதிகள் ஆங்கிலேயரையும் விசாரிக்க வகை செய்யும் மசோதா 1883-இல் வந்தது. ஆங்கிலேயர்கள் கொதித்தெழுந்தனர். கடைசியில் ரிப்பன் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 1884 டிசம்பரில் அவர் நாடு திரும்பியபோது, இந்திய மக்கள் வழியெங்கும் திரண்டு வந்து வழியனுப்பினார்கள்.

அந்தப் பள்ளியில் படித்தவர்கள் யார் தெரியுமா? ராஜாஜி 1917-இல் சேலம் நகராட்சித் தலைவரானார். வல்லபாய் படேல் 1924-இல் அகமதாபாத் நகராட்சித் தலைவரானார். குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு என்று ஊர் வேலை பார்த்தவர்கள், பிறகு நாட்டையே நடத்தினார்கள்.

ரிப்பன் 1909-இல் மறைந்தார். சென்னையில் அவர் பெயர் தாங்கிய மாளிகை 1913-இல் திறக்கப்பட்டது. சுதந்திர இந்தியாவில், 1992-இல் செய்த அரசியல் சட்டத் திருத்தங்கள் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் வேண்டும் என்றன. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடமும் தந்தன.

உங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரிடம் சொல்ல வேண்டும்? உங்கள் வார்டு உறுப்பினர் பெயரை இன்றே வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதுதான் அந்தப் பள்ளியின் முதல் பாடம்!